ஓரகத்திகளின் கயிறு

கோசிதோ மலைக்கிராமத்தில் பனியைப் பற்றி யாராவது குறை சொன்னால் ரோக்ஸாந்தாவுக்குப் பிடிக்காது. தன் மாமியாரை ஊரார் திட்டும்போது எப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாளோ, அப்படித்தான் பனி விஷயத்திலும். வீட்டுக்காரி திட்டலாம், வெளியாள் திட்டக் கூடாது.

"இதெல்லாம் ஒரு பனியா?" என்று ஆரம்பிப்பாள். "நான் கல்யாணமாகி வந்த வருஷம் பெஞ்சுதே, அதுக்குப் பேரு பனி!"

அந்த வருஷம் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணை அழைத்துக்கொண்டு மலையேறி வந்தால் வீட்டைக் காணவில்லையாம். ஊரே வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தது. கடைசியில் ஓர் ஓட்டையிலிருந்து புகை வருவதைப் பார்த்து, மாப்பிள்ளை மில்யான் குப்புறப் படுத்து அதற்குள் கத்தினான்: "அம்மா, பொண்ணு வந்தாச்சு! கதவு எங்க இருக்கு?" உள்ளேயிருந்து அவன் அம்மா பதில் கொடுத்தாள்: "கதவு இருந்த எடத்துலதான் இருக்கு. ஏப்ரல்ல தொறக்கும். அது வரைக்கும் ஆடிட்டு இருங்க!" அவர்களும் கைகோத்துக் கூரைமேல் ஆடினார்கள். ஆடின ஆட்டத்தில் பெண்ணின் வலது செருப்பு கழன்று, புகைபோக்கி வழியே இறங்கி, கச்சமாக் கிண்டிக்கொண்டிருந்த பானையில் விழுந்தது. உருளைக்கிழங்கும் சோளமாவும் பாலாடையும் சேர்ந்த அந்தக் களியில் கிழங்கு எது, குதிகால் எது என்று தெரியாமல் மாமனார் கடித்துப் பார்த்துவிட்டு, "கெழங்கு இன்னும் கொஞ்சம் வேகணும்" என்றாராம்.

இதில் எவ்வளவு தள்ளுபடி செய்துகொள்வது என்பது கேட்பவர் பாடு. செருப்பு மட்டும் நிஜம். பல் பதிந்த அந்தக் குதிகாலை அவள் இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறாள்.

பனி அள்ளுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று யாராவது சொன்னால் ரோக்ஸாந்தா அடக்கத்துக்காகக்கூட மறுக்க மாட்டாள். குள்ளம், அகலம், அறுபதைத் தாண்டிய வயது. பாலைக் காய்ச்சிப் பாலாடை எடுத்து, பாலாடைக்கட்டி செய்து வாழ்கிறவள். காலையில் சூடாக ஒரு வாய் காப்பி, உடம்பு இளகும்வரை அடுப்பங்கரையில் நாலு நடை, அப்புறம்தான் வாசலில் கால் வைப்பாள். பிளம் சாராயம் வேலை முடிந்த பிறகு. முன்னாலேயே குடித்தவனுக்குக் குளிர் தெரியாது, குளிர் தெரியாதவனுக்கு எப்போது நிறுத்துவது என்பதும் தெரியாது.

வெளியே வந்ததும் முதலில் போவது, அடுப்பின் புகைக்குழாய் சுவரைத் துளைத்து எட்டிப் பார்க்கும் இடத்துக்கு. அதைப் பனி அடைத்துவிட்டால் உள்ளே இருப்பவர்கள் இருமாமல், முனகாமல், தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்துவிடுவார்கள். அப்புறம் கதவு, விறகுக் கொட்டகை, தொழுவம். கடைசியில்தான் தெரு. ஊர் பார்க்கிறதே என்று தெருவை முதலில் சுத்தம் செய்கிறவர்களை, "கோட்டுக்கு இஸ்திரி போட்டவங்க, உள்ளாடை போட மறந்துட்டாங்க" என்பாள்.

பனி அள்ளும் வாரியை அவள் நிறைத்து அள்ளியதை யாரும் பார்த்ததில்லை. அரை வாரிதான். தூக்கி எறிய மாட்டாள், தள்ளுவாள். தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் முழங்காலை மடக்கி எழுவாள், இடுப்பை முறுக்காமல் காலை நகர்த்தித் திரும்புவாள். படிகளில் அடுப்புச் சாம்பலைத் தூவுவாள். அரசாங்கத்தின் பனி ஒதுக்கும் வண்டியை ஓட்டும் பாத்ரிச் ஒருநாள் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கிண்டல் செய்தான்.

"என்ன சித்தி, பனி அள்றீங்களா, ரொட்டிக்கு மாவு பிசையிறீங்களா?"

"மாவு பிசையிறவதாண்டா நாளைக்கும் ரொட்டி திம்பா. உன்ன மாதிரி பனியோட குஸ்தி போட்டா ஆஸ்பத்திரிக் கஞ்சிதான். ஒங்கப்பனக் கேளு, நெஞ்சப் புடிச்சிட்டு உக்காந்தது எந்த எடம்னு காட்டுவாரு."

பாத்ரிச் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

இத்தனை சாமர்த்தியமும் தரையில் விழுந்த பனிக்குத்தான். கூரைப் பனிக்கு இன்னொரு ஆள் வேண்டும். அங்கேதான் ரோக்ஸாந்தாவின் வாழ்க்கையில் ஒரு முள்.

அண்ணன் தம்பி இரண்டு பேருக்காகக் கட்டிய நீளமான வீடு அது. நடுவில் ஒரு சுவர், வாசல் பக்கம் இரண்டு கதவுகள், மேலே ஒரே தகரக் கூரை. கிழக்குப் பாதியில் தம்பி மனைவி ரோக்ஸாந்தா. மேற்குப் பாதியில் அண்ணன் மனைவி ஸ்தானா. எழுபதைத் தொட்டவள், உயரம், ஒல்லி, ஊசி போட்டால் ஊசி வளையும் என்று டாக்டர் சொல்லும் அளவுக்கு உறுதி. கணவன்மார் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஓரகத்திகள் இரண்டு பேரும் ஒரே கூரையின்கீழ் இருக்கிறார்கள். பேச்சுவார்த்தை மட்டும் கிடையாது.

பதினோரு குளிர்காலத்துக்கு முன்னால் யாரோ ஒருத்தி ஒரு வாரி பனியை இன்னொருத்தியின் வாசல் எல்லைக்குள் தள்ளினாள். யார் தள்ளியது என்பதில் இன்றுவரை இரண்டு கட்சி. அந்தப் பனி அந்த மே மாதமே உருகி ஆற்றோடு போய்விட்டது, கோபம் உருகவில்லை. முதலில் யார் பேசுகிறாளோ அவள்தான் தள்ளியவள் என்று ஆகிவிடும். அதனால் இரண்டு பேரும் வாயைத் தைத்துக்கொண்டார்கள். தவிர்க்க முடியாத செய்திகளைப் பொதுத் தொழுவத்தில் தங்கள் தங்கள் பசுவிடம் உரக்கச் சொல்வார்கள்.

"ரூமெனா," என்பாள் ஸ்தானா தன் பசுவின் காதில், "சில பேரு தண்ணித் தொட்டிய மூடாமப் போறாங்க. காலைல ஐஸக் கடிச்சுத்தான் திங்கணும் நீ."

"ஷாரா," என்பாள் ரோக்ஸாந்தா தன் பசுவிடம், "கண்ணு தெரியாதவங்க கண்ணாடி மாத்தணும். தொட்டி மூடித்தான் இருக்கு."

பசுக்களுக்குக் குடும்ப விஷயம் அத்தனையும் தெரியும்.

ஆனால் கூரை யாருடைய கோபத்துக்கும் காத்திருக்காது. அதற்கு அண்ணன் தம்பி காலத்திலிருந்தே ஒரு ஏற்பாடு. இலையுதிர்காலத்தில், முதல் பனிக்கு முன்னால், கூரை முகட்டின் நீளத்துக்கு இரண்டு கயிறுகளைப் போட்டு வைப்பார்கள்: வாசல் பக்கச் சரிவுக்கு ஒன்று, கொல்லைப் பக்கச் சரிவுக்கு ஒன்று. கயிற்று முனைகள் வீட்டின் இரண்டு பக்கச் சுவர்களிலும் தொங்கும். பனி ஏறினதும் பக்கத்துக்கு ஒருவராகச் சுவரிலிருந்து தள்ளி நின்று, ரம்பம் இழுப்பதுபோல மாற்றி மாற்றி இழுத்தால், கயிறு பனிக்கும் தகரத்துக்கும் நடுவே அறுத்துக்கொண்டு இறங்கும். மொத்தப் பனியும் பாளமாக வழுக்கிக் கீழே விழும். யாரும் கூரைமேல் ஏற வேண்டாம். இறவாரத்துக்குக் கீழே மட்டும் நாய்கூட நிற்கக் கூடாது.

ஒருத்தியை ஒருத்தி பார்க்க முடியாது, நடுவில் முழு வீடு. பேசவும் வேண்டாம். கயிற்றை ஒருமுறை வெட்டி இழுத்தால் 'நான் தயார்.' அந்தப் பக்கமிருந்து ஒரு வெட்டு வந்தால் 'நானும் தயார்.' பதினோரு வருஷமாக இந்தக் கயிறு ஒன்றுதான் அவர்களுக்குள் நடந்த உரையாடல்.

அந்த ஜனவரியில் மூன்று நாள் பனி கொட்டித் தீர்த்தது. பிறகு தெற்கிலிருந்து வெதுவெதுப்பான காற்று மழையைக் கொண்டுவந்தது. கூரைப் பனி அந்த மழையை ரொட்டி பால் குடிப்பதுபோலக் குடித்து, ராத்திரி உறைந்தது. சாயங்காலம் இன்னும் மழை என்று வானொலி சொன்னது. காலையில் ரோக்ஸாந்தா சமையலறைக் கதவைத் திறக்கப் போனாள். கதவு நிலையில் சிக்கிக்கொண்டு வரவில்லை. அண்ணாந்து பார்த்தாள். அடுப்புக்கு மேலே உத்தரம் அழுத்தத்தில் லேசாக வயிறு தள்ளியிருந்தது.

அவளுக்கு உத்தரத்தைவிட மகன் ஞாபகம்தான் முதலில் வந்தது. நிக்ஷிச் நகரத்தில் நாலாவது மாடியில் இருக்கிறான் வெலிஷா. போன குளிர்காலத்திலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்: "அம்மா, அந்தக் கூரைக்கு ஒரு சின்ன சேதம் வரட்டும், அன்னைக்கே வந்து உங்கள வண்டியில ஏத்திடுவேன். மாட்ட வித்துடலாம்." பாசமான பிள்ளை, சொன்னால் செய்வான். நாலாவது மாடியில் அவள் என்ன செய்வாள்? பனி அள்ளுவதற்கு அங்கே ஜன்னல் விளிம்பு ஒன்றுதான் இருக்கிறது. சாப்பாட்டுக் கரண்டி போதும்.

மழைக்குள் கூரைப் பனியை இறக்கியாக வேண்டும். கதவைத் தோளால் முட்டித் திறந்து, ஆள் நடக்கும் அகலத்துக்குப் பாதை வெட்டிக்கொண்டு கிழக்குச் சுவருக்குப் போனாள். வாசல் சரிவின் கயிற்றைப் பிடித்து ஒரு வெட்டு வெட்டினாள்.

பதில் இல்லை.

இன்னொரு வெட்டு. மேற்குப் பக்கப் புகைக்குழாயில் புகை ஜோராக வந்தது. ஆகவே ஸ்தானா உயிரோடுதான் இருக்கிறாள், எழுந்துவிட்டாள், வேண்டுமென்றே இழுக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் தொழுவத்தில் நடந்தது ரோக்ஸாந்தாவுக்கு ஞாபகம் வந்தது. "ரூமெனா, ஊர்ல ஒருத்திக்குப் பனி அள்ற மகாராணின்னு பேராம். கயித்தோட இந்த முனைய நான் புடிக்கலன்னா மகாராணியால தலைக் குல்லாயக்கூட எறக்க முடியாது." அதற்கு ரோக்ஸாந்தா ஷாராவிடம் பதிலே சொல்லாமல் வந்திருந்தாள். சொல்லாத பதில் ராத்திரி முழுக்கத் தொண்டையில் நின்றது.

மூன்றாவது தடவை வெட்டினாள். நாலாவது தடவைக்கு அவளுக்குப் பொறுமை இல்லை.

"சரி, இருக்கட்டும்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கொல்லை வழியாகச் சுற்றி மேற்குப் பக்கம் போனாள். அங்கே தொங்கிய கயிற்று முனையை எடுத்து, ஸ்தானாவின் பிளம் மரத்தில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். திரும்பித் தன் பக்கம் வந்து, காலை அகட்டி ஊன்றி, இழுத்தாள். மரம் அசையவில்லை, கயிறு அறுத்தது. தகரத்தில் ஒரு கீறல் சத்தம். பிறகு தொண்டையைச் செருமுவதுபோல ஒரு சத்தம். அவள் பக்கத்துப் பாதிக் கூரையிலிருந்து பாளம் மொத்தமாக வழுக்கி வாசலில் 'தொம்' என்று உட்கார்ந்தது.

"பாத்தியா ஷாரா!" என்று தொழுவம் இருந்த திசையில் கத்தினாள்.

ஆனால் கயிறு ஒரு முனையில் கட்டியிருந்தால் சாய்வாகத்தான் அறுக்கும். அவள் பாதி இறங்கிவிட்டது. ஸ்தானாவின் பக்கம் அரைகுறையாக அறுபட்டு, விளிம்பில் நாக்கை நீட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல் தொங்கியது. கயிற்றை விடாமல் வாசல் மூலைக்கு வந்த ரோக்ஸாந்தா அதைப் பார்த்தாள். அண்ணன் தம்பிகள் ஏன் இரண்டு பேராக இழுத்தார்கள் என்பதும் அவளுக்கு அந்த நொடியில் உறைத்தது.

அதே நேரம் மேற்குக் கதவு பட்டென்று திறந்தது. ஸ்தானா காப்பிக் கோப்பையோடு ஜன்னலில் உட்கார்ந்து, 'இன்னும் ரெண்டு தடவ இழுக்கட்டும்' என்று ரசித்துக்கொண்டிருந்தாள் என்பது பிற்பாடு தெரியவந்தது. தன் மரத்தில் அடுத்தவள் முடிச்சைப் பார்த்ததும் ரசனை போய்விட்டது. மரத்தடிக்குப் போய் முடிச்சை அவிழ்த்து, கயிற்று முனையைக் கையில் மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டு, இதை அவள் முகத்திலேயே எறிகிறேன் பார் என்பதுபோல, வாசல் வழியாக, சுவரை ஒட்டி, நேராக வந்தாள். தொங்கும் பாளத்துக்குக் கீழே.

ரோக்ஸாந்தா வாயைத் திறந்தாள். அந்த வாயில் பதினோரு வருஷம் வந்து அடைத்துக்கொண்டது. கூப்பிட்டால் அவள்தான் முதலில் பேசினவள்; அந்த ஒரு வாரி பனியைத் தள்ளியவளும் அவள்தான் என்று ஆகிவிடும். ஒரு மூச்சு இழுக்கும் நேரம்தான் யோசித்தாள்.

"அக்கா! அங்க வராதீங்க!"

ஸ்தானா நின்றாள். முகத்தில் ஆச்சரியம், அதற்குமேல் வெற்றி. அந்த முகத்தோடேயே பாளம் அவளை மூடிவிட்டது.

பனித்தூள் அடங்கினபோது வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு மேடு இருந்தது, ஸ்தானா இல்லை. ரோக்ஸாந்தாவுக்குக் கால் ஓடப் பார்த்தது. அவள் காலைப் பிடித்து நிறுத்தினாள். விழுந்த பனி சிமெண்டைப்போல இறுகும் என்பது தெரியும். மேட்டின்மேல் ஏறி மிதித்தால் கீழே இருப்பவளின் மூச்சை இவளே நசுக்கியதாகும் என்பதும் தெரியும். முதலில் அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். வாசல் சரிவில் இனி விழ ஒன்றும் பாக்கியில்லை. பாவாடைப் பையிலிருந்து போனை எடுத்தாள்.

"பாத்ரிச், ஸ்தானா பனிக்குள்ள. வா." அவன் பதிலைக் கேட்காமல் பையில் போட்டாள்.

கையில் கயிறு இன்னும் இருந்தது. கயிறு நேராக மேட்டுக்குள் போயிற்று. மெதுவாக இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. அந்த முனை யார் கையிலோ இருக்கிறது. ஒரு வெட்டு வெட்டிவிட்டுக் காத்திருந்தாள். கோசிதோவில் அவ்வளவு நீளமான காத்திருப்பை யாரும் காத்திருக்கவில்லை. பனிக்கு மேல் ஏப்ரல்வரை ஆடினவர்கள்கூட.

கயிறு ஒருமுறை துடித்தது.

"சரி" என்றாள் ரோக்ஸாந்தா. "நானும் தயார்."

அப்புறம் அவள் வேலை செய்தாள், எப்போதும் செய்வதுபோலத்தான். மேட்டின் பக்கவாட்டிலிருந்து, கயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, அது போகும் வழியே குடைந்தாள். அரை வாரி, அரை வாரி. அள்ளிய பனியைத் தூக்கி எறியாமல் பின்னால் தள்ளினாள். நெஞ்சு படபடத்தபோது நின்று, இரண்டு மூச்சு முழுசாக விட்டு, மறுபடி குனிந்தாள். 'நான் இங்கே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் பாத்ரிச் வந்து இரண்டு பிணத்தைத் தோண்ட வேண்டியதுதான்' என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். நடுநடுவே கயிற்றை வெட்டுவாள். கயிறு பதில் சொல்லும். ஒரு தடவை மட்டும் பதில் வர நேரமாயிற்று. அந்தத் தடவை அவளுக்குத் தெரிந்த எல்லாப் புனிதர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். சிலருக்குத் திட்டும் விழுந்தது.

வாரியின் முனையில் கம்பளி தட்டுப்பட்டதும் வாரியை எறிந்துவிட்டுக் கையால் பறித்தாள். முதலில் கை வந்தது. அடுத்து தலை. வேறெதையும் தொடாமல் முகத்தையும் வாயையும் நெஞ்சுக்கு முன்னால் இருந்த பனியையும் வழித்து எடுத்தாள். ஸ்தானா சுவரோடு சாய்ந்து, ஒரு கையை முகத்துக்குக் குறுக்கே வளைத்து வைத்திருந்தாள். அந்த வளைவுக்குள் இருந்த காற்றைத்தான் இவ்வளவு நேரமும் சிக்கனமாகச் செலவழித்திருந்தாள். உதடு நீலம். கண் திறந்தது. மூச்சு வாங்கியது. பேச்சு வர இன்னும் நாலு மூச்சு ஆயிற்று.

"நீதாண்டி," என்றாள் ஸ்தானா, "மொதல்ல பேசின."

ரோக்ஸாந்தா பனியிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே திட்டினாள்.

"ஆமா, பேசினேன்! பேசினேன் போங்க! கூரைக்கு அடியில வரக் கூடாதுன்னு இந்த வீட்டுக்கு வந்த நாள்லேந்து தெரியாதா உங்களுக்கு? எழுவது வயசாச்சு, பனி எந்தப் பக்கம் விழும்னு தெரியல!"

"என் மரத்துல கட்டினியே, உனக்கு மட்டும் தெரிஞ்சுதா? ஒத்தை ஆளா இழுத்தா கோணலா அறுக்கும்னு பச்சப் புள்ளைக்கும் தெரியும். எங்க வீட்டுக்காரரு உயிரோட இருந்தா உன்ன..."

"உங்க வீட்டுக்காரரு உயிரோட இருந்தா கயித்த மூணு தடவ இழுக்க விட்டு வேடிக்கை பாத்திருக்க மாட்டாரு!"

"நாலு."

"மூணுதான் இழுத்தேன்!"

"நாலாவது தடவ நீ இழுப்பேன்னுதான் கோப்பைய கீழ வெச்சேன். நீ இழுக்கல. அது உன் தப்பு."

பாத்ரிச்சின் வண்டி மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு வந்து நின்றபோது, பனிக்குள் பாதி புதைந்தவளும் வெளியே உட்கார்ந்தவளும் ஒருவர் முகத்துக்கு நேராக ஒருவர் கத்திக்கொண்டிருந்தார்கள். அவன் கையில் மண்வெட்டியோடு வாயைப் பிளந்து நின்றான். அவனுக்கு மீசை முளைத்த நாளிலிருந்து இவர்கள் பேசி அவன் கேட்டதில்லை.

"பெரியம்மா, அடி ஏதாவது பட்டுச்சா?"

"மணிக்கட்டு லேசா. இவ பேச்சத்தான் தாங்க முடியல. என்ன வெளிய இழுடா!"

அவளைக் கொண்டுபோய் ரோக்ஸாந்தாவின் சமையலறையில் உட்காரவைத்தார்கள். ஈரத்தைக் களைந்து, காய்ந்த துணி போட்டு, இரண்டு போர்வை சுற்றி, சர்க்கரை அள்ளிப் போட்ட தேநீரைக் கொடுத்தாள் ரோக்ஸாந்தா. ஸ்தானா சாராயம் கேட்டாள். "வேலை முடியட்டும்" என்றாள் ரோக்ஸாந்தா. "நான் குடிக்க, உன் வேலை எதுக்கு முடியணும்?" என்றாள் ஸ்தானா. அப்போது தலைக்கு மேலே உத்தரம் முனகியது.

மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். வாசல் சரிவு காலி. கொல்லைச் சரிவில் மொத்தப் பாரமும் இருந்தது. ஒரு தோளில் மட்டும் மூட்டை வைத்தவன்போலக் கூரை கோணிக்கொண்டு நின்றது. ஜன்னலில் மழையின் முதல் துளிகள் விழுந்தன.

"நான் மேல ஏறித் தள்ளிடறேன் சித்தி" என்றான் பாத்ரிச்.

"ஏறு!" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில். "ஏறிப் பாரு, கால ஒடச்சு அடுப்புல வெச்சிடறோம்!"

ஸ்தானாவின் முனையை அவன்தான் பிடித்தாக வேண்டியிருந்தது. அதற்கு அவள் லேசில் சம்மதிக்கவில்லை. கடைசியில் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி, பிளம் மரத்தடியில் ஒரு நாற்காலி போட்டு, போர்வைக்குள் அவளை உட்காரவைத்து, தலைக்கு மேல் குடையையும் கட்டிய பிறகுதான் கயிற்றை அவன் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு முழு வீட்டையும் தாண்டிக் கேட்கும்படி கத்தினாள்:

"ரோக்ஸாந்தா! இந்தப் பக்கம் கத்துக்குட்டி ஒண்ணு புடிச்சிருக்கு. மெதுவா ஆரம்பிடீ!"

கிழக்கிலிருந்து பதில் வந்தது: "நான் ரெடி அக்கா! அவன் முதுக வளைக்காம இழுக்கச் சொல்லுங்க!"

"வளைச்சுத்தான் இழுக்கறான், எருமை! இப்ப உன் பக்கம் இழு. விடு. இப்ப இவன். விடுடா! நீ என்ன கயித்துல ஊஞ்சலா ஆடற?"

கயிறு இரண்டு பக்கமும் சமமாக அறுத்துக்கொண்டு இறங்கியது. பனி மழையைக் குடித்துக் கனத்துக்கொண்டே வந்தது; இழுக்க இழுக்கப் பாத்ரிச்சின் உள்ளங்கை எரிந்தது; வீட்டின் மறுபக்கம் ரோக்ஸாந்தா மாவு பிசையும் நிதானத்தோடு தன் முறைக்கு இழுத்தாள், அடுத்தவன் முறைக்கு விட்டாள். ஸ்தானா மட்டும் நிறுத்தாமல் பேசினாள். கடைசியில் தகரம் ஒரு நீண்ட பெருமூச்சு விட்டது. கொல்லைச் சரிவின் பனி முழுசும் ஒரே பாளமாகக் கிளம்பி, வேலியையும் தாண்டிப் போய் விழுந்தது. கோசிதோவில் அது விழுந்த அதிர்ச்சியில் பக்கத்துக் கிராமத்தில் கோழி அவித்த முட்டை இட்டது என்று ரோக்ஸாந்தா இப்போதெல்லாம் சொல்கிறாள். அதையும் தள்ளுபடி செய்துகொள்ளலாம். உத்தரம் நேரானது மட்டும் உண்மை. கூரை நின்றது.

சாயங்காலம், நல்ல மழையில், வெலிஷா போன் செய்தான். யாரோ அவனுக்குச் சொல்லிவிட்டிருந்தார்கள். யார் என்று கேட்க வேண்டியதில்லை; அடுப்பருகே தட்டில் வைத்த பன்றி இறைச்சியைத் தின்றுகொண்டிருந்த பாத்ரிச் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

"அம்மா, கூரை என்ன ஆச்சு?"

"நிக்குது. ஒரு ஆணிகூட அசையல. நீ வண்டிய எடுக்காத."

"நாளைக்கே வரலாம்னு..."

"வா, வந்து கச்சமாக் தின்னுட்டுப் போ. என்ன ஏத்திட்டுப் போக வராத. இங்க கயித்தோட ரெண்டு முனைக்கும் ஆள் இருக்கு."

"பின்னாடி யாரும்மா கத்தறது? டிவியா?"

"உங்க பெரியம்மா."

வெலிஷா தன் பக்கத்து டிவியை அணைப்பது போனில் கேட்டது.

"நீங்க ரெண்டு பேரும் பேசறீங்களா?"

"பேச்சா? யாரு பேசறது!" என்றாள் ரோக்ஸாந்தா. "சேத்து வெச்ச சண்டையப் போட்டுட்டு இருக்கோம். இப்பதான் நாலாவது வருஷத்துக்கு வந்திருக்கோம், இன்னும் ஏழு வருஷம் பாக்கி இருக்கு. நீ வை, நான் அப்பறம் கூப்பிடறேன்."